பிள்ளைகள் ஏன் மெடிக்கலுக்கு வருகிறார்கள்?

தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

நான் அரூர் வட்டாரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன். டாக்டர் இல்லை, பார்மசி படித்தவன். கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்ததை வைத்து, பிள்ளைகளுக்காக நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஆட்சியருக்கோ முதன்மைக் கல்வி அலுவலருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறை, படிப்பை நிறுத்திய பிள்ளைகள் என்று பலதும் பேசுகிறீர்கள். நான் விசாரித்தவரையில் பிள்ளைகளின் உடம்பு பற்றிய பேச்சு மட்டும் வந்ததில்லை.

பள்ளி விட்டதும் சீருடையோடு கடைக்கு வரும் பிள்ளைகளில் இரண்டு வகை. காய்ச்சல் மாத்திரை, தலைவலித் தைலம் கேட்கிற பிள்ளை வந்த வேகத்தில் வாங்கிக்கொண்டு போய்விடும். இன்னொன்று ஓரமாக நின்று இருமல் மிட்டாய் விலை விசாரிக்கும். ஆள் குறைந்ததும் ‘எங்க அக்காவுக்கு’, ‘ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு’ என்று ஆரம்பிக்கும். முகம் வெள்ளையாக ஒரு க்ரீம். உடம்பு போட ஒரு மாத்திரை. உயரம் வளர பவுடர். நின்றுபோன பீரியட்ஸ் வர ஏதாவது. பையன்களில் பலர் பாதிக் கேள்வியிலேயே திரும்பிப் போய்விடுவார்கள், அப்புறம் ஒரு நாள் மறுபடி வந்து நிற்பார்கள்.

மெடிக்கலுக்கு வருவதில் அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே சீட்டுப் போட வேண்டாம், ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்று கேட்க ஆளில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்கே இருக்கும் நர்ஸம்மா பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் கூட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நம் மாவட்டத்தில் பல வீடுகளில் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ இருக்கிறார். பிள்ளை ஆயா தாத்தாவோடு இருக்கிறது. வீடியோ காலில் அம்மாவிடம் சாப்பாடு, மார்க், ஆட்டுக்குட்டி எல்லாம் பேசலாம். சுற்றிலும் ஆள் இருக்க, மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது என்று எப்படிப் பேசும்?

பிள்ளைகள் பயப்படுவதில் பெரும்பாலானவை நோயே இல்லை. இது எனக்குத் தெரியும், உங்களில் பலருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பெண் பிள்ளைக்கு 8 வயதிலிருந்து 13-க்குள் எப்போது வேண்டுமானாலும் மாற்றம் தொடங்கலாம், பையனுக்கு 9-லிருந்து 14-க்குள். ஒரே வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் இருப்பவன் குழந்தை முகத்தோடு இருப்பான். இரண்டு பேரும் சரியாகத்தான் வளர்கிறார்கள். பெண்களுக்கு உயரம் சீக்கிரம் எகிறும், பையன்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் தள்ளி. எட்டாம் வகுப்பு வரிசையில் பையன்கள் குட்டையாகத் தெரிவது அதனால்தான். அவன் அப்பாவும் பத்தாவது முடித்த பிறகுதான் வளர்ந்தார் என்றால் இவனும் அப்படியே வளர வாய்ப்பு அதிகம். ஐந்நூறு ரூபாய் பவுடரில் ஒரு அங்குலம்கூட வராது.

முதலில் பையன்களைச் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகளுக்காவது அரசு புதுயுகம் திட்டத்தில் நாப்கின் தருகிறது, அதைக் கொடுக்கும் சாக்கில் யாராவது ஒரு டீச்சர் தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். பையனுக்கு அதுகூடக் கிடையாது. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிப் பாடமே இருக்கிறது. ‘இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்தைத் தள்ளிவிடும் வகுப்பறைகளும் இருக்கின்றன.

பையன்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பருவ வயதில் மார்புக் காம்புக்குக் கீழே வட்டமாகக் கெட்டியாகும், தொட்டால் வலிக்கும், கொஞ்சம் எடுப்பாகவும் தெரியும். ஹார்மோன் ஏறி இறங்குவதால் வருவது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஆனால் அதற்குள் அந்தப் பையன் சட்டைக்குள் இரண்டு பனியன் போடுவான், பி.டி. பீரியடுக்கு வரமாட்டான், கிணற்றில் குளிக்கப் போவதை நிறுத்துவான். ‘இது போயிடும்டா’ என்று ஒரு ஆண் வாத்தியார் வகுப்பில் பொதுவாக ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். இரண்டு வருடம் தாண்டியும் இருந்தால், வேகமாகப் பெரிதானால், காம்பில் நீர் வடிந்தால், ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பயத்தை வைத்துப் பிழைக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் கழிப்பறைக் கதவிலும் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, ரகசிய ஆலோசனை, மாதம் ஒரு நாள் இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்று இருக்கும். தூக்கத்தில் விந்து வெளியேறுவது பருவமடைந்த பையனுக்குச் சாதாரணமாக நடப்பது. அதனாலோ கைப்பழக்கத்தாலோ ரத்தம் வற்றாது, நரம்பு தளராது, ஞாபகசக்தி போகாது, பின்னாளில் பிள்ளை பிறக்காமலும் போகாது. இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லாததால் பையன் அந்த லாட்ஜ் மாடிப்படி ஏறுகிறான். லேகியத்துக்கும் சூரணத்துக்கும் அவன் கொடுக்கும் பணம் தறிப்பட்டறையிலோ கல்யாண மண்டபத்தில் இலை எடுத்தோ சம்பாதித்தது. அரசு மருத்துவமனையில் சித்தா பிரிவில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் வேறு, லாட்ஜில் ரூம் போடுகிறவர் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவையெல்லாம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவே கூடாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு பத்தி மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பையனுக்குத் திடீரென்று ஒரு பக்க விதையில் தாங்க முடியாத வலி வரும். ஓடி விளையாடும்போதும் வரலாம், நல்ல தூக்கத்தில் எழுப்பியும் விடலாம். கூடவே குமட்டல், வாந்தி. அந்தப் பக்க விதை மேலே ஏறினாற்போல் தெரியும். உள்ளே விதை தன் ரத்தக் குழாயோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு விடுகிறது, ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப் போக வாய்ப்புச் சுருங்கும், ஒரு நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் அதை எடுத்துவிட வேண்டியதுதான். இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், பையன் இடத்தைச் சொல்ல மாட்டான். ‘வயிறு வலிக்குது’ என்பான். அடிவயிற்றிலும் வலி இருக்கும் என்பதால் அது பொய்யும் இல்லை. வீட்டில் சூடு என்று நினைத்து மோர் கொடுப்பார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவார்கள், மெடிக்கலில் வயிற்றுவலி மாத்திரை வாங்கி வருவார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைப்பார்கள். ஆறு மணி நேரம் அங்கேயே முடிந்துவிடும். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருக்கும் வீடு என்றால் இறங்கி வருகிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுவலி என்று துடிக்கிற பையனைத் தனியே கூட்டிப்போய் ‘கீழே வலிக்குதா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆமாம் என்றால் மாத்திரை, கஷாயம், ஊசி எதுவும் வேண்டாம். சாப்பாடு தண்ணீர்கூடக் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, அறுவை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்நேரமும் பார்ப்பார்கள். விடுதி வார்டன்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள், ராத்திரியில் அவர்கள்தான் இருக்கிறார்கள்.

பையன்கள் விஷயத்தில் மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு விதை மற்றதைவிடக் கீழே தொங்குவது இயல்பு. ஒரு விதை பைக்குள்ளேயே இல்லை என்றால் எந்த வயதாக இருந்தாலும் அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொன்னுக்கு வீங்கி வந்த பையனுக்கு விதையும் வீங்கினால் அன்றே காட்ட வேண்டும். ஆண்குறியின் முன்தோல் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வீங்கினால் உடனே. 14 வயது முடிந்தும் பருவமாற்றத்தின் அறிகுறியே இல்லாவிட்டால் அவசரமில்லை, ஆனால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

இனி பெண் பிள்ளைகள். நம் பக்கம் ஒரு பிள்ளை வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர் வருகிறது, பந்தல் போடுகிறோம், பஸ் ஸ்டாப் வரைக்கும் ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். ஊருக்கே சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை எல்லாம் கொடுத்து முடித்து, அடுத்த மாதம் வரவில்லை என்றால் வீட்டில் முகம் மாறுகிறது. ‘எங்கேயாவது’ என்று ஆரம்பித்து அத்தை பாதியில் நிறுத்துகிற வாக்கியம் இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் பெண் பிள்ளைகள் பீரியட்ஸ் வர மாத்திரை கேட்டு என் கடைக்கு வருகிறார்கள்.

கணக்கு இதுதான். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடத்தில் 21 நாளிலிருந்து 45 நாள் வரை எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தாலும் இயல்புதான். மாதம் பிசகாமல் வந்தே ஆக வேண்டும் என்று இல்லை. போக்கு ஏழு நாள் வரை இருக்கலாம். மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். ஏழு நாளுக்கு மேல் போனாலும் போக வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருந்தால், எழுந்து நின்றால் தலை சுற்றினால் அன்றைக்கே போக வேண்டும். வயதுக்கு வந்த முதல் போக்கிலேயே இப்படிக் கொட்டுகிற சில பிள்ளைகளுக்கு ரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்கும், அப்போதுதான் அது வெளியே தெரியவரும். ‘எனக்கும் இப்படித்தான் போகும்’ என்று அம்மா சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்தக் குறை தாய்வழியாகவும் வரும்.

வயதுக்கு வருவது தள்ளிப்போகிற பிள்ளைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 13 வயது முடிந்தும் மார்பு வளரத் தொடங்கவில்லை, அல்லது 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றால் காட்ட வேண்டும். பதினான்கு பதினைந்து வயதில் மாதாமாதம் அடிவயிறு வலித்து, ரத்தம் மட்டும் வெளியே வராவிட்டால் வழி அடைத்திருக்கலாம். சின்ன அறுவையில் சரியாகிற விஷயம், தள்ளிப்போட்டால் சிக்கலாகும். எட்டு வயதுக்கு முன்னாலேயே மார்பு வளரத் தொடங்கினாலும் காட்ட வேண்டும். ஒரு மார்பு சற்றுப் பெரிதாக இருப்பது, தொடையிலும் இடுப்பிலும் கோடு கோடாக விழுவது, மாதவிடாய்க்கு முன்னால் நிறமில்லாமல் வெள்ளைப்படுவது இதெல்லாம் வளர்ச்சி. வெள்ளைப்படுவதில் அரிப்போ, நாற்றமோ, பச்சை மஞ்சள் நிறமோ, அடிவயிற்று வலியோ சேர்ந்தால் மருந்து வேண்டும், அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்தது.

வலிக்கு வெந்தயத்தை மோரில் விழுங்குவது பரவாயில்லை. மாதாமாதம் இரண்டு நாள் பள்ளிக்கு லீவு போடுகிற அளவு வலி என்றால் அதை ‘பொம்பளைன்னா பொறுத்துக்கணும்’ என்று தள்ளாதீர்கள். நல்ல மருந்து இருக்கிறது. வருகைப் பதிவேட்டை வைத்திருக்கும் ஆசிரியருக்கு எந்தப் பிள்ளை மாதம் தவறாமல் லீவு போடுகிறது என்று தெரியும். நீங்கள் கேட்டால் சொல்வார்.

சினைப்பை நீர்க்கட்டி பற்றியும் ஒரு வார்த்தை. பதினைந்து வயதுப் பிள்ளையின் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருகிறார்கள், நீர்க்கட்டி என்று வீடே இடிந்துபோயிருக்கிறது. வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேன் படத்தை வைத்து நீர்க்கட்டி நோய் என்று முடிவு கட்டக் கூடாது என்று டாக்டர்களுக்கான சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. இளம் வயது சினைப்பை ஸ்கேனில் இயல்பாகவே அப்படித்தான் தெரியும். மாதவிடாய் நீண்ட நாள் தவறுவது, மோவாயிலும் மேலுதட்டிலும் முடி கனமாக வளர்வது, பரு அடங்காமல் இருப்பது இவற்றோடு ரத்தப் பரிசோதனையும் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். கழுத்துப் பின்புறமும் அக்குளும் கருத்து, வெல்வெட் மாதிரி தடித்திருந்தால் அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கிறார்கள், ‘குளிக்கிறியா இல்லையா’ என்று திட்டு வேறு. அது தேய்த்தால் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று தோல் காட்டும் அடையாளம் அது, பையனுக்கும் வரும். எடை, சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

இதற்கெல்லாம் நம் ஊரில் கைவசம் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். ‘கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்’ என்பது. கல்யாணத்தால் தைராய்டு சரியாகாது, ரத்தசோகை சரியாகாது, வலியும் சரியாகாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம் என்பதும், 1098-க்குப் போன் போட்டால் ஆள் வரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் இந்த விஷயத்தில் நல்ல பெயர் எடுக்கவில்லை. வைத்தியத்துக்குப் போக வேண்டிய பிள்ளை மணவறைக்குப் போவதைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதினால் கோபமாகத்தான் எழுதுவேன், விட்டுவிடுகிறேன்.

என் தொழில்மேலும் குறை இருக்கிறது, அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்வது முறையில்லை. ஸ்டீராய்டு கலந்த தோல் க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் 2018-லேயே சேர்த்துவிட்டார்கள். இன்னமும் அவை சிவப்பழகு க்ரீம் என்ற பெயரில் பிள்ளைகள் கைக்குப் போகின்றன. போட்ட ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், பரு அடங்கும். பிறகு தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் பரு முன்னைவிட மோசமாகக் கிளம்பும். உடம்பு போட என்று கவரில் பிரித்துக் கொடுக்கும் மாத்திரையிலும் பல சமயம் ஸ்டீராய்டுதான் இருக்கும். கன்னம் உப்புவதைப் பார்த்துச் சதை வைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். வளர்கிற பிள்ளைக்கு அது உயரத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். பல நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம் திருவிழா மாத்திரை. மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டியதும் பீரியட்ஸ் தள்ளிப்போட மாத்திரை கேட்டு வருகிறவர்கள் தாய்மார்களே. இதுவும் சீட்டுக்கு விற்க வேண்டிய ஹார்மோன் மாத்திரை. டாக்டர் பார்த்து எப்போதாவது ஒருமுறை எழுதிக் கொடுப்பதில் தவறில்லை. பண்டிகைக்கு ஒன்று, சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று என்று பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே போனால், அந்தப் பிள்ளையின் இயல்பான சுற்று எது, கோளாறு எது என்று யாராலும் சொல்ல முடியாது. சாமிக்கு இந்தப் பிள்ளைகளின் தீட்டு ஒரு பிரச்சினை என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் கருத்து, உங்கள் வீட்டு வழக்கத்தில் நான் தலையிடவில்லை. மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். சீட்டில்லாமல் விற்கிற கடை எது என்று உங்கள் குழுவுக்குத் தெரிந்தால் மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. பத்து வயதுவரை அதைப் பற்றிக் கவலைப்படாத பிள்ளை, பன்னிரண்டு பதின்மூன்றில் வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கத் தொடங்கும். அடுப்புக்கரி, செங்கல்பொடி, எலுமிச்சை, வெள்ளையாக்கும் பேஸ்ட் எல்லாம் போட்டு ஈறு புண்ணாகும்வரை தேய்க்கும். பல் துலக்காததால் வந்த கறை இல்லை அது. பல் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதில் குடித்த போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்ததால் எனாமலுக்குள்ளேயே ஏறிய நிறம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பது நாட்டின் தர அளவு, நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. எட்டு வயதுக்கு மேல் குடிக்கும் தண்ணீரால் முன்பற்களில் புதிதாகக் கறை வராது, ஏற்கனவே வந்த கறையும் தேய்த்துப் போகாது. பல் டாக்டரால் மேல்பூச்சுப் பூசி மறைக்க முடியும். உங்கள் பள்ளிக் குழாயில் வருவது காவிரித் தண்ணீரா, போர்த் தண்ணீரா என்று ஒருமுறை பாருங்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக.

வாரத்தில் ஒரு நாள் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வெளியே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மறுநாள் மலம் கருப்பாகப் போகும், பிள்ளை பயந்துவிடும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள், கூடவே டீ குடிக்க வேண்டாம், கருப்பாகப் போவது மாத்திரையில் இருக்கும் இரும்புச்சத்தால்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக்குச்சி தின்கிற பிள்ளை இருந்தால் திட்டாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ரத்தசோகையில் அந்த ஆசை வரும்.

சரி, உங்களிடம் கேட்கும் வேலைக்கு வருகிறேன். உங்கள் குழுவில் ஒரு தாய், ஒரு தந்தை என்று இரண்டு பேரை இதற்கென்று நியமியுங்கள். பெற்றோர் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தால், அந்தப் பெற்றோரிடம் போனில் கேட்டுக்கொண்டு, கூடப் போய்வருவது அவர்கள் பொறுப்பு. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், பிள்ளைகளிடம் பஸ் பாஸ் இருக்கிறது. செலவு பெரிதாக ஒன்றுமில்லை. போய்வந்ததை ஊரில் சொல்லாமல் இருக்கிறவராகப் பார்த்து நியமியுங்கள், அதுதான் கஷ்டம்.

ஆர்.பி.எஸ்.கே. (தேசிய குழந்தைகள் நலத் திட்டம்) என்று எழுதிய வண்டியில் வருடம் ஒருமுறை மருத்துவக் குழு பள்ளிக்கு வருகிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய பருவ வயதுக் கேள்விகளும் அவர்கள் படிவத்தில் உண்டு. நூறு பேர் நிற்கும் வராண்டாவில் அதைக் கேட்டால் எல்லாப் பிள்ளையும் ‘ஒன்னும் இல்ல’ என்றுதான் சொல்லும். அன்றைக்கு ஒரு அறையைக் காலி செய்து, கதவைச் சாத்தி, ஒவ்வொருவராக அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். 2014 ஜனவரியில் தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் 10 முதல் 19 வயது வரை ஆண் பெண் இருவருக்கும் பொது. ஆகவே பையன்களையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லி வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆண்கள் பேசினால் பையன்கள் கேள்வி கேட்பார்கள். பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் கேள்வியை எழுதிப் போட ஒரு டப்பா வைத்தால் இன்னும் நிறையக் கேட்பார்கள்.

கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். ஆண்கள் பக்கம் விதை வலி, பெண்கள் பக்கம் மேலே சொன்ன நாள் கணக்கு, கீழே எண்கள். மருத்துவச் சந்தேகத்துக்கு 104, பள்ளி மாணவர் ஆலோசனைக்கு 14417, அவசரத்துக்கு 108. கூட்டத்தில் யாராவது ‘இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் எதுக்கு’ என்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையும் என் கடைக்கு வந்திருக்கலாம். வந்ததா என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன்.

பையன்களிடம் பேச ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை அடைப்பு, விடுதிப் பிள்ளைகளை அப்போது பார்க்கலாம். வேலை நாள் என்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல் வருகிறேன், அந்த நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
அரூர் வட்டாரத்து மருந்துக்கடைக்காரன்